யாரும் எடுக்காத பஸ்

"…பழத்தை யாரு நசுக்குனா என்னங்ணா, அது பாட்டுக்கு நசுங்கீட்டுப் போகுது. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எங்கிட்ட ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

எங்கள் ஷெட்டில், பஸ்ஸின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த டிரைவர் இதைச் சொன்னபோது, என் கையில் எலுமிச்சம்பழத் தட்டு இருந்தது. காலை ட்ரிப் முடிந்து மற்ற டிரைவர்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். நான் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

சூலூருக்குப் பக்கம் ஒரு நூல் மில்லில் வண்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஷிப்டுக்கு ஆள் ஏற்றி வரும் பஸ், வேன், நூல் மூட்டை ஏற்றும் லாரி, மொதலாளி வீட்டுக் கார் வரைக்கும் என் பொறுப்பு. எது எங்கே நிற்கிறது, எதற்கு எஃப்.சி. புதுப்பிக்கும் நாள் வருகிறது, எந்த டிரைவருக்கு வீட்டில் சண்டை என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் என்று பெயர். படித்து வந்த மேனேஜர் இல்லை. லாரி ஓட்டினேன், முட்டி போய்விட்டது, உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இதைக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டரையும் ஜி.பி.எஸ்.ஸையும் தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன்.

டிரைவர்கள் பேசுவதைக் கேட்பதற்காகவே இந்த வேலையில் இருக்கிறேனோ என்று சில நாள் தோன்றும். கரும்புகை விடுகிற வேனைக் கொண்டு வந்து நிறுத்திவிட்டு, "இது பீடி குடிக்கப் பழகீருச்சுங்க, கண்டிச்சு வெய்யிங்க" என்பார் ஒருவர். "பிரேக் எப்படிங்க இருக்குது?" என்று கேட்டால், "இருக்குதுங்க, ஆனா மிதிச்சா அதுவும் கொஞ்சம் யோசிக்குது" என்பார் இன்னொருவர். லீவு வேண்டுமென்றால் "மாமியாருக்கு சர்வீஸ் டியூவுங்க" என்பார்கள். இப்படிப் பேசுகிறவர்களோடு இருந்தால் மனசு வறண்டு போகாது என்று நினைத்திருந்தேன்.

எங்கள் பஸ் ஒன்று ஆக்சிடென்ட் ஆனதற்கு அப்புறம் வறண்டுதான் போனது. துக்கம் என்று அதைச் சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி. கை தொடுகிறது. கன்னம் யாருடையதோ.

உடுமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து பொம்பளை ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிற பஸ் அது. காலை ஷிப்டுக்கு வரும்போது, விசைத்தறி ஷெட்டுகளுக்கு நடுவில் வலது கைப்பக்கமாக ஒரு சந்து. அங்கிருந்து பால் கேன் கட்டிய மொபட்டில் ஒரு பெரியவர் ரோட்டுக்கு வந்தார். பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கு முன்சீட்டில் முகம் இடித்ததோடு சரி. பெரியவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டார்.

எனக்கு போன் வந்தது. "அண்ணா, ஒருத்தரு உளுந்துட்டாருங்க" என்றார் டிரைவர். நான் கேட்டேன்: ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சுங்களா, உள்ளே யாருக்காவது அடியா, வண்டி ரோட்டில் எந்தப் பக்கம் நிற்கிறது, சாவி யார் கையில். இந்த வேலையில் இருக்கிற யாரும் இப்படித்தான் கேட்பார்கள். தூக்கத்தில் எழுப்பினாலும் இந்த வரிசை மாறாது. "என்ன நடந்துச்சு" என்பது இந்த வரிசையில் கிடையாது. அது போலீஸ் கேட்பது.

போலீஸ் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். டிரைவரை ஸ்டேஷன் ஜாமீனில் வெளியே கொண்டு வந்தோம். பஸ்ஸை ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து ஒருத்தர் வந்து ஓட்டிப் பார்த்தார். பிரேக்கில் குறையில்லை என்று சொன்னார். மில்லுக்கு வேண்டிய வக்கீல் எங்களை உட்கார வைத்து, "இதைப் பத்தி அவருகிட்ட யாரும் பேசாதீங்க. அவரும் யாருகிட்டயும் வாய் விட வேண்டாம். கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்றார்.

எங்களுக்கு அது சுலபமாகப் போய்விட்டது. வாயை மூடு என்றால் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். ஆனால் ஒரே ஒரு விஷயத்தை விட்டுவிட்டு உலகத்தில் இருக்கிற மற்றதையெல்லாம் மரியாதையாகப் பேசு என்றால், எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

இறந்தவர் வீட்டுக்கு நானும் மில் சார்பில் போய்வந்தேன். வாசலில் பந்தல் போட்டிருந்தது. திட்டுவார்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துத்தான் போனேன். மருமகன்காரர் எழுந்து வந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க. நீங்க என்னங்க பண்ணுவீங்க, எங்க நேரம்" என்றார். உள்ளே திரும்பி, "அம்மணி, இவருக்கு ஒரு காப்பி" என்றார். சாவு வீட்டில் காப்பி குடித்தேன். சூடாக இருந்ததா, சர்க்கரை இருந்ததா என்று கேட்டால் தெரியாது. திரும்பி வரும்போது சூலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நினைக்கவில்லை.

பஸ் வெளியே வந்தது. ஸ்டேஷனிலிருந்து ஷெட்டுக்கு ஓட்டிவர யாரும் கை வைக்காததால், இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம்.

அடிபட்ட வண்டி திரும்பி வந்தால் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைப்பது எல்லா ஷெட்டிலும் உள்ளதுதான். எங்கள் ஷெட்டில் இன்னொன்றும் உண்டு. கடைசியாக எந்தக் கை ஸ்டியரிங்கில் இருந்ததோ, அதே கைதான் பழத்தின்மேல் வண்டியை ஏற்ற வேண்டும். வேறு ஆள் ஏற்றினால் நடந்தது அவருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். இருக்கிறவர்களில் மூத்த டிரைவரிடம், "இதையெல்லாம் நீங்க நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"நம்பிக்கையெல்லாம் இல்லீங்க மேனேஜரு" என்றார். "பயம் இருக்குதுங்க. அது வேற டிப்பார்ட்மென்ட்டு."

ஆக, பஸ் நின்றது. அந்த டிரைவர் எடுத்தால் எல்லாரும் எடுப்பார்கள். அவர் எடுக்கவில்லை.

அவர் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கோயமுத்தூர் போய்ப் பூசை பார்க்காமல் இருக்க மாட்டார். ஆனால் ஆயுத பூஜைக்கு வண்டி கழுவுவதில் அவரை யாரும் ஜெயித்தது கிடையாது. அவர் பஸ்ஸின் கண்ணாடியில் செபமாலை தொங்கும், அதற்குக் கீழே பழனி முருகன் ஸ்டிக்கரும் இருக்கும். "ரெண்டு பேருமே ட்ரிப்புக்குக் கூட வரட்டுமுங்க, டிக்கெட்டா கேக்கறாங்க?" என்பார். அதனால் அவருக்கு எலுமிச்சம்பழம் பிடிக்காதோ என்கிற பேச்சுக்கே இடமில்லை.

தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்துவிடுவார். யூனிபார்ம் போட்டிருப்பார். சும்மா உட்கார மாட்டார். மற்ற வண்டிகளுக்குக் காற்று பிடிப்பார், கண்ணாடி துடைப்பார், தன் பஸ்ஸை மட்டும் சுற்றிக்கொண்டு போவார். நாங்கள் எல்லாரும் அவரிடம் அவ்வளவு பதனமாக நடந்துகொண்டோம். "சாப்ட்டாச்சுங்களா?" "ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" "இந்த வெயில் என்னங்க இப்படி அடிக்குது?" யாராவது வேகம், பிரேக் என்று பேச ஆரம்பித்தால் அவரைப் பார்த்ததும் பேச்சு தேங்காய் விலைக்குப் போய்விடும். அவர் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்பார். ஒரு நாள் மூத்த டிரைவர் தாங்க முடியாமல், "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க தம்பி, விட்டுத்தள்ளுங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு மட்டும் பஸ் டிரைவர் மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார்.

இதற்கு நடுவில் அந்த ரூட்டில் வருகிற பொம்பளைகளை வேன்களில் திணித்துக் கொண்டு வந்தோம். இறங்கும்போது ஒவ்வொரு நாளும் எனக்கு மண்டகப்படி நடக்கும்.

"ஏனுங் மேனேஜரு, எங்களை மூட்டைன்னு நெனச்சுப்போட்டீங்களா? மூட்டையாச்சும் மூச்சு விடாது, நாங்க விடறமுங்க!"

"நேத்து இவ டிபன் பாக்ஸு என் மடியில, என் தலை இவ தோள்ல. யாரு கை யாருதுன்னு எறங்கித்தான் பிரிச்செடுத்தமுங்க."

சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனால் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். அவர்களில் ஒருத்தி மட்டும் தனியாக வந்து, "அந்த டிரைவரண்ணன் எப்படிங்க இருக்கறாரு?" என்று கேட்பாள். "நல்லாருக்காருங்க அம்மணி" என்பேன். இரண்டு பேரும் அதை நம்பாமல் நகர்ந்துவிடுவோம்.

மொதலாளி கூப்பிட்டார். நல்ல மனுஷர், விவசாயக் குடும்பம், குரலை உயர்த்த மாட்டார். "இன்னும் எவ்வளவு நாளைக்குங்க பஸ்ஸை நிறுத்தி வெக்கறது? இந்த வாரத்துக்குள்ள அவரு எடுக்கட்டும். எடுக்கலீன்னா வேற டிரைவரைப் போட்டுக்கலாம், அவரும் வேற வேலை பாத்துக்கட்டும். நீங்களே பதமாச் சொல்லிப்போடுங்க" என்றார். சரிங்க என்றேன். டிரைவருக்கு நாற்பதைத் தாண்டிய வயது. ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்தவர் இல்லை. இங்கிருந்து இப்படிப் போனால் வேறு எங்கேயும் வண்டி எடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளே ஒன்றும் அசையவில்லை. போன் சார்ஜ் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதமாகச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்த வழி, சொல்லாமல் இருப்பதுதான். "நல்ல நாளா இருக்குது, பூஜையை முடிச்சுரலாம்" என்று ஷெட்டில் பொதுவாக அறிவித்தேன். அவரிடம் தனியாகப் பேசவில்லை. பழத்தோடு நான் போய் நின்றால், எல்லாரும் சுற்றி நின்றால், அவரே முன்னால் வந்து ஏறிவிடுவார் என்று ஒரு கணக்கு. அப்போதுதான் அவர், பழத்தை யார் நசுக்கினால் என்ன என்று அப்படிக் கேட்டார்.

"வக்கீல் சொன்னாருங்க தம்பி, அதனாலதான்…" என்று ஆரம்பித்தேன்.

"வக்கீலு கோர்ட்டுக்குச் சொன்னாருங்ணா. நான் யாருகிட்டச் சொல்றது? ஊட்டுல சொன்னா அவ அழுகுறா. சர்ச்சுச் சாமியாருகிட்டப் போய்ச் சொன்னேன், அவரு மன்னிப்புக் குடுக்கறாரு. நான் மன்னிப்பாங்க கேட்டேன்? தப்பு இருந்தாத்தானுங்க மன்னிப்பு. நீங்கெல்லாம் தப்பே இல்லைங்கறீங்க. எங்கிட்ட ஒண்ணுமே கேக்காம அதெப்படிங்க தெரியும் உங்களுக்கு? எனக்கே தெரியலீங்களே!"

மூத்த டிரைவர் தரையைப் பார்த்தார்.

"என்ன நடந்துச்சுங்க?" என்று கேட்டேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக. கேட்பதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை, வார்த்தைகள் சாதாரணமாகத்தான் வந்தன.

அவர் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லத் தெரியலீங்ணா. அந்த எடத்துக்கு வந்தீங்கன்னா காமிப்பேன்."

"சரி, போலாம். இந்தப் பஸ்லயே போலாம்."

"நான் எடுக்க மாட்டனுங்க."

"நான் எடுக்கறேன்."

மூத்த டிரைவர் துள்ளிவிட்டார். "ஏனுங் மேனேஜரு, உங்களுக்கெதுக்குங்க இந்த வேலை? முட்டி வேற அந்த லட்சணத்துல இருக்குது. அதுவுமில்லாம நீங்க மொத ஏத்துனா…"

"எனக்கு ஒட்டுறதுக்கு இனி மேல எடமில்லீங்க" என்று சொல்லிவிட்டு, தட்டை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு ஏறினேன். ஸ்டார்ட் பண்ணியதும் கீழே ஒரே களேபரம். "பழம்! பழம்! ஏனுங், ஒரு நிமிசம்!" மூத்த டிரைவர் தட்டோடு ஓடிவந்து, குனிந்து குனிந்து ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்றாகத் திணித்துவிட்டு, "வெச்சாச்சுங், ஏத்துங்க!" என்று பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார். ஏற்றினேன். அவ்வளவு பெரிய வண்டிக்கு எலுமிச்சம்பழம் தெரியவா போகிறது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அவர் இடது பக்கம் முதல் சீட்டில், படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் கிளட்ச்சை ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் என் முட்டி தன் பங்குக்குப் பேசியது. அந்தச் சந்தைத் தாண்டிப் போய், பஸ் திரும்புகிற அளவுக்கு இடம் பார்த்துத் திரும்பி, அன்றைக்கு அவர் வந்த பக்கத்திலிருந்தே வந்தோம். "இங்க ஒதுக்குங்ணா" என்றார். இடது ஓரமாக ஒதுக்கி நிறுத்தினேன்.

அவர் எழுந்து வந்து, என் சீட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி வைத்தார். அவர் உட்காருகிற அளவுக்கு. "முதுகைச் சாச்சு நேரா உக்காருங்க. நான் அந்தச் சந்துக்குள்ள போய் நின்னுட்டு, மெதுவா ரோட்டுக்கு வாரேன். தலையை ஆட்டாம அப்படியே இருந்து, நான் தெரியறனான்னு மட்டும் சொல்லுங்ணா."

இறங்கி, ரோட்டைக் கடந்து போனார். விசைத்தறிகள் இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டிருந்தன. சூலூர் பக்கமிருந்து விமானம் ஒன்று தாழ்வாகப் போனது.

நான் நேராக உட்கார்ந்திருந்தேன். சுற்றுச்சுவர் தெரிந்தது, கரண்டு கம்பம் தெரிந்தது, கம்பத்தில் கட்டியிருந்த பூப்புனித விழா தட்டி தெரிந்தது. அவர் தெரியவில்லை. பஸ்ஸில் முன்கண்ணாடிக்கும் டிரைவர் பக்கத்து ஜன்னலுக்கும் நடுவில் ஒரு தூண் இருக்கும், அதை ஒட்டி வெளியே பெரிய கண்ணாடி மாட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆளை மறைக்கும். தூரத்தில் என்றால் மொபட்டோடு சேர்த்து மறைக்கும். வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும், அதனால் எல்லாரும் மறந்துவிடுவோம். அவர் நடந்து வந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியவில்லை. திடீரென்று பாதி ரோட்டில், தூணுக்கு இந்தப் பக்கம், முழு ஆளாக நின்றார்.

"தெரிஞ்சுதுங்களாண்ணா?" என்று அங்கிருந்தே கத்தினார்.

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்யும் இல்லை. அவருக்கும் நிம்மதி, எனக்கும் வேலை முடிந்தது. இத்தனை நாள் நாங்கள் எல்லாரும் அவரிடம் பேசிக்கொண்டிருந்த மாதிரியே இன்னொரு பதமான பேச்சு.

"இன்னொருக்கா வாங்க!" என்று நானும் கத்தினேன்.

திரும்பப் போனார். சந்துக்குள் நின்றார் போலிருக்கிறது. இந்தத் தடவை நான் முதுகை எடுத்து, ஒரு சாண் முன்னால் குனிந்தேன். தூண் விலகியது. சந்து வாயில் அவர் நின்றார். சட்டை, செருப்பு, நெற்றி வேர்வை வரைக்கும் தெரிந்தது. ஒரு அடி எடுத்து வைத்தார், அதுவும் தெரிந்தது.

ரோட்டைக் கடந்து என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றார். நிமிர்ந்து பார்த்தார்.

"நேரா உக்காந்தாத் தெரியலீங்க" என்றேன். "கொஞ்சம் குனிஞ்சு பாத்தாத் தெரியுதுங்க. நல்லாவே தெரியுதுங்க."

அவர் முகம் மாறவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். "அதேதானுங்ணா எனக்கும். எப்பவும் இந்தச் சீட்டுல அப்படித்தானுங்க தெரியும். நேத்துக்கூட வந்து இந்தச் சந்துல நின்னு நின்னு யோசிச்சுப் பாத்தேன். அன்னைக்கு நான் குனிஞ்சு பாத்தனா இல்லியான்னுதான் நெனப்பு வர மாட்டீங்குது. எப்பவும் குனிவேன். அன்னைக்குக் குனிஞ்சனா?"

"எனக்கா இருந்தாலும் நெனப்பு இருக்காதுங்க" என்றேன்.

"இருக்காதுங்களா?"

"இருக்காதுங்க தம்பி. நான் இப்ப இங்க வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். எந்தச் சந்துல குனிஞ்சேன்னு கேட்டாச் சொல்ல மாட்டேன்."

"அப்ப எனக்கு இது எப்பவுமே தெரியாதுங்களா?"

"தெரியாதுன்னுதானுங்க நெனைக்கறேன்."

தறிச்சத்தம் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தேன். முட்டி வலித்தது, அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

பிறகு அவர் பஸ்ஸைச் சுற்றி வந்து படியேறினார். என் தோளில் கை வைத்து, "எந்திரிங்ணா" என்றார். நான் எழுந்து இடது பக்கத்து சீட்டுக்குப் போனேன். அவர் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார், இன்டிகேட்டரைப் போட்டார், கண்ணாடியைப் பார்த்தார். முதுகை எடுத்து, நெஞ்சு ஸ்டியரிங்கில் படுகிற அளவுக்குக் குனிந்து, தூணைத் தாண்டிச் சந்தைப் பார்த்தார். சந்து காலியாகத்தான் இருந்தது. நிமிர்ந்தார். இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, வண்டியை எடுத்தார்.